வெள்ளை வண்டியின் அடிப்பக்கம்

…அடிப்பக்கத்தைக் குனிந்து எவன் பார்க்கப் போகிறான் அண்ணி என்று முசெம்பி கேட்டது நியாயமாகத்தான் பட்டது, ஆனால் கேட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தானே, அதுதான் சியோம்புவாவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது, மச்சாக்கோஸிலிருந்து தாலா போகிற மட்டாட்டு வேனில், மடியில் கல்யாணக் கேக்கின் பெரிய அடுக்கும் காலடியில் மற்ற இரண்டு அடுக்குகளுமாக, ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு… இந்த வட்டாரத்துக் கல்யாணத்துக்கெல்லாம் அவள் கேக்தான், வந்து இறங்குவதோ இப்படி, கோழிக்கூண்டுக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவில்! இனி இல்லை. பின்கதவைத் தூக்கினால் கேக் அம்சமாக உட்காருகிற மாதிரி ஒரு வண்டி, ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது, அதுவும் வெள்ளை, படத்தில் பார்த்ததுமே மனசு போய்விட்டது. நாளைக்கு அங்கே ஏலம், யார் மூலமாக இறக்குவது என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். முசெம்பி கணவனின் தம்பி, ஏழு வருஷமாக ஜப்பான் வண்டிகளை இறக்குமதி செய்து தருகிற தொழில், அவனைக் கேட்டால் எல்லாமே முதல் தரம், புது வண்டி மாதிரி அண்ணி, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க… கண்ணை ஏன் மூட வேண்டும்?

இதே தொழிலில் இன்னொருத்தி மொம்பாசாக்காரி, ம்வானகொம்போ, நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான், கொஞ்சம் கரகரப்பு. அவள் காலையில் அனுப்பிய படத்தில் அதே வெள்ளை வண்டியின் அடிவயிறு, ஒரே துரு. பனி கொட்டுற ஊர் வண்டிம்மா, ரோட்டுல உப்புப் போடுவாங்க, அடியெல்லாம் அரிச்சிருக்கு, இதை நான் எடுத்துத் தர மாட்டேன், வேணும்னா பொறுங்க. என்ன திமிர்! ஆசைப்பட்டு நிற்கிறவளிடம் இப்படியா சொல்வது… என்று கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே போயும் விட்டது, அது ஏன்? சரி, இவளிடம் வண்டி வாங்கின யாரையாவது கேட்போம் என்று கிட்டூயியில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் முன்யோகியை வேனிலிருந்தே போனில் கூப்பிட்டாள், வண்டி எப்படி என்று கேட்கவில்லை, சிக்கல் வந்தப்போ அந்தம்மா போனை எடுத்தாங்களா என்று மட்டும் கேட்டாள். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். “எடுக்கிறதாவது! கப்பல் லேட்டுன்னு அவங்களே கூப்பிட்டுச் சொன்னாங்க, மறுபடியும் லேட்டுன்னு மறுபடியும் கூப்பிட்டாங்க, என் பொண்டாட்டிகூட என்னை அத்தனை தடவை கூப்பிட்டதில்ல. வண்டி மட்டும் சொன்னபடியே வந்துச்சுங்க.”

பேச்சை மட்டாட்டு முழுக்கக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறது. “வெள்ளை வேணாம்மா, புழுதில ஒரு நாள் தாங்காது,” என்றார் கோழிக்கூண்டுக்காரர். கதவில் தொங்கிய கண்டக்டர், “நீங்க கார் வாங்கிட்டா எங்களுக்கு யாரும்மா கேக் துண்டு தருவா? வாங்கவே வாங்காதீங்க!” என்றான், எல்லோரும் சிரிக்க, அவள் சிரித்த சிரிப்பில் கேக்கே குலுங்கியது. அந்தச் சிரிப்போடேயே மொம்பாசாவுக்குப் போன் அடித்து, “வெள்ளை வேணாம், நீங்க பாத்துச் சொல்ற வண்டிக்குக் காத்திருக்கேன்,” என்று சொல்லிவிட்டாள். சொன்னதும் உடம்பே லேசாகிவிட்டது, சர்ச் பாடகர் குழுவை நடத்துகிற தன் கட்டைக் குரலில் ஒரு பாட்டுக்கூட எடுத்திருப்பாள், ஆனால் முசெம்பி இருக்கிறானே… சொந்தக் கொழுந்தன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், குடும்பமே பேசும், இருக்கட்டும், சொல்லித்தான் ஆகவேண்டும்.

சொன்னாள். போனின் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “அப்பாடா! அண்ணி, நீங்க நல்லா இருக்கணும்.”

“என்னடா அப்பாடா?”

“அந்தத் துரு எனக்கும் தெரியும் அண்ணி. வெள்ளைதான் வேணும்னு நீங்க முடிவா சொன்னப்புறம் வேணாம்னு எந்த வாயால சொல்றது? ரெண்டு நாளா சோறு இறங்கல.”

“சொல்றதுக்கு என்னடா, கடிச்சா தின்னுடுவேன்?”

“அண்ணனையே கேட்டுப் பாருங்க,” என்று சிரித்தபடி வைத்துவிட்டான்.

கழுதை! வீட்டுக்கு வரட்டும், காதைத் திருகுகிறேன், என்று அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, தாலா வந்துவிட்டது, கல்யாண வீட்டுப் பெண்கள் குலவையிட்டுக்கொண்டே ஓடிவருகிறார்கள், கேக் சிந்தாமல் சிதறாமல் முழுசாக இருக்கிறது, பெட்டிக்குள்ளிருந்து வெண்ணெய் வாசம்… அண்ணனைக் கேட்பதா? கணவன் நிசோக்காவையா? அவர் என்ன சொல்வார், அவர்தான் இருபது வருஷமாக எந்தக் கேக்கை வெட்டி வாயில் வைத்தாலும் பிரமாதம் என்பாரே, ஒரு தடவைகூட இனிப்புக் கூடிவிட்டது என்றோ வேகவில்லை என்றோ… ஒரு தடவைகூடவா?