இராயப்பரின் தவக்காலம்

பொனிபஸ் அங்கிள் மன்னாருக்குப் புறப்படுமுன் தன் தங்கமீன்களை நண்பர் கேதீஸ்வரனிடம் ஒப்படைத்துவிடத்தான் இருந்தார். கேதீஸ்வரன் வீட்டு வரவேற்பறையில் சூடேற்றிய பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. குளிர்காலம் வந்ததும் போனதும் தெரியாமல் மீன்கள் அதற்குள் இருந்துவிடலாம். அதைத் தடுத்தவள் டிலக்சி.

"வேண்டாம் அங்கிள். குளத்து மீன் குளத்திலயே இருக்கட்டும். நான் பாக்கிறன்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, "நீ சொன்னால் சரி" என்றார்.

டிலக்சி நோபல் பார்க்கில் பொனிபஸ் அங்கிள் வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருப்பவள். பகலில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் வரவேற்பில் வேலை. மாலையில் டண்டினோங்கில் தோட்டக்கலை வகுப்பு. குளிர்காலத்தில் குளத்தை எப்படிப் பராமரிப்பது என்ற பாடம் நடந்த வாரத்தில்தான் அவள் அந்த வாக்கைக் கொடுத்தாள். அடுத்த வாரம் வேறு பாடம் வந்தது. குளத்துப் பாடம் முழுவதும் விளங்கியதா என்ற சந்தேகம் அன்றே தொடங்கிவிட்டது.

அது சும்மா ஒரு குளமும் அல்ல. இதய அறுவைக்குப் பிறகு, நடக்கச் சொன்ன மருத்துவரிடம் "நடந்து எங்க போறது?" என்று கேட்டுவிட்டு, பொனிபஸ் அங்கிள் வீட்டுப் பின்வளவில் மண்வெட்டியோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டிய சிறு குளம். காலைத் தேநீரை அதன் கரையில்தான் குடிப்பார். எல்லாவற்றிலும் பெரிய செம்மஞ்சள் மீனுக்கு, மீனவராயிருந்த திருத்தூதர் இராயப்பரின் பெயரை வைத்திருந்தார். இலைகள் விழாமல் குளத்தின் மேல் வலை கட்டிய நாளில், "வலை வீசினவர் இப்ப வலைக்குக் கீழ இருக்கிறார்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவரும் மனைவி மாக்கிறேட் அன்ரியும் விமானம் ஏறியதும் டிலக்சி ஒவ்வொன்றாகச் செய்தாள். அல்லியின் மஞ்சளான இலைகளை வெட்டி எடுத்தாள். அதன் சட்டியைக் குளத்தின் ஆழமான பக்கத்தில் இறக்கினாள். அடித்தண்ணீர் கலங்காமல் சற்று வெதுவெதுப்பாகவே கிடக்கட்டும் என்று, தண்ணீரைச் சுற்றவிடும் சிறு பம்பைச் செங்கல் அடுக்கி மேலே உயர்த்தினாள். தண்ணீர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கியதும் மீன்களுக்கு உணவு போடுவதை நிறுத்தினாள். கடைசியாக, மாக்கிறேட் அன்ரியின் கறிவேப்பிலைச் சட்டியைப் பனி படாமல் கராஜ் ஜன்னலோரம் நகர்த்தினாள். குளிர் முடியும்வரை அதற்கு அதிகம் தண்ணீர் தேவையில்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்ள வென்ட்வேர்த்வில்லிலிருந்து அன்ரன் அங்கிள் வந்திருந்தார். மாக்கிறேட் அன்ரியின் தம்பி. சிட்னியில் பல வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சமையலில் நல்ல கை, குசினி முழுக்க அவர் பொறுப்பு.

"என்ன டொக்டர், நோயாளியள் எப்பிடி?" என்று தினமும் குசினி வாசலில் நின்று கேட்பார்.

"ஒன்பது டிகிரி அங்கிள். அடியில நல்லா நித்திரை கொள்ளுதுகள்."

"ஒண்டும் சாப்பிடாமலோ?"

"குளிருக்குச் செமிக்காது அங்கிள். போட்டால் வயித்துக்குள்ள கிடந்து பழுதாகிடும்."

"எங்கட வீட்டில நித்திரை கொள்ளுறவனையும் எழுப்பிச் சோறு தீத்திப்போட்டுத்தான் திரும்பப் படுக்க விடுவினம்."

டிலக்சி சிரித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

யூலை நடுவில், குளிர் உச்சத்தில் இருந்தபோது, தண்ணீர் வெளுத்தது. முதலில் அது மூடுபனி என்று நினைத்தாள். பனி விலகிய பிறகும் குளம் பால் கலந்ததுபோலவே கிடந்தது. அடியில் கிடக்கவேண்டிய மீன்கள் மெல்ல மேலே வரத் தொடங்கின.

பம்பை உயர்த்தியது பிழையோ? இறக்கி வைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் பார்த்தாள். மாற்றமில்லை. திரும்பவும் உயர்த்தினாள். வெட்டிய அல்லித் தண்டுகள் தண்ணீருக்குள் கிடந்து அழுகுகின்றனவோ? வகுப்பில் எழுதிவைத்த குறிப்புகளை எடுத்துப் படித்தாள். எழுதியது தன் கையெழுத்துத்தான் என்றாலும் அதையும் அவள் முழுதாக நம்பவில்லை.

சனிக்கிழமை காலை குளத்தின் ஓரங்களில் கண்ணாடித்தாள்போல ஐஸ் பிடித்திருந்தது. நடுவில், வலைக்கு நேர் கீழே, இராயப்பர் தண்ணீருக்கு மேலே வாயை வைத்துத் திறந்து திறந்து மூடினார். மற்றவையும் அவரைச் சுற்றி அப்படியே நின்றன.

டிலக்சி கேதீஸ்வரனுக்கு அழைக்கலாம் என்று கைபேசியை எடுத்து, பெயரைத் தேடி, பிறகு வைத்துவிட்டாள். இந்தக் குளிரிலிருந்து தூக்கிச் சூடான தொட்டிக்குள் விட்டால் அந்த அதிர்ச்சியிலேயே செத்துவிடும். முதலிலேயே கொடுத்திருந்தால் பிரச்சினையே இல்லை. கொடுக்கவேண்டாம் என்றவள் அவள்தான். நாளைக்குப் பூசை முடிந்ததும் பொனிபஸ் அங்கிள் வீடியோவில் வருவார். வந்ததும் குளத்தைத்தான் காட்டச் சொல்வார்.

வலையை ஒதுக்கி, முழங்கைவரை கையை விட்டு, அல்லிச் சட்டியைத் தூக்கினாள். குளிர் எலும்புக்குள் போனது. கிழங்கை அழுத்திப் பார்த்தாள். அவிக்காத கிழங்கைப்போலக் கெட்டியாக இருந்தது. அழுகல் இல்லை. தண்டுகளும் சுத்தம். கையைத் துடைக்கப் போனவள் ஏதோ தோன்றி அதை முகர்ந்து பார்த்தாள்.

புளித்த கஞ்சி மணம்.

குளத்தில் சேற்று மணம் வரலாம், பாசி மணம் வரலாம். கஞ்சி எங்கிருந்து வந்தது? அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே குசினிக் கதவு திறந்தது. அன்ரன் அங்கிள் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கொஞ்சம் விலகு பிள்ளை" என்றவர், அவள் வாயைத் திறக்குமுன் சட்டியைக் குளத்துக்குள் கவிழ்த்தார். வெள்ளையாக ஒரு மேகம் பரவியது.

"அங்கிள்! என்ன ஊத்துறியள்?"

"வேற என்ன? அரிசி கழுவின தண்ணி."

"எப்ப தொடக்கம் ஊத்துறியள்?"

"நீ கறிவேப்பிலையை ஒளிச்ச நாள் தொடக்கம். அக்கா போகேக்க படிச்சுப் படிச்சுச் சொன்னவ, அரிசித் தண்ணியைச் சிங்குக்க ஊத்திப்போடாத, மரத்துக்கு ஊத்து எண்டு. வந்து பாத்தால் மரத்தைக் காணேல்லை. உங்க அல்லி நிக்குது. அதுவும் ஒரு மரம்தானே?" சட்டியை உதறிக்கொண்டே தொடர்ந்தார். "பிறகு பாத்தால் உதுகளும் மேல வந்து வாயை வாயைப் பிளக்குதுகள். பாவம், பசி. நீ பட்டினி போடுறாய், நான் கண்ணால பாத்துக்கொண்டு நிக்கிறதோ? ஒரு பிடி சோறும் போட்டனான்."

"அது பசியில்லை அங்கிள். மூச்சு முட்டுது."

அன்ரன் அங்கிள் சட்டியைக் கீழே வைத்தார்.

கஞ்சித் தண்ணீர் குளத்தில் புளிப்பதையும், புளிக்கிறபோது அது தண்ணீரிலுள்ள காற்றையெல்லாம் தின்றுவிடுவதையும் அவள் சொன்னாள். அவர் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் உதுகளைச் சாகடிச்சுப் போட்டனோ பிள்ளை?"

"இன்னும் இல்லை" என்றாள். பிழை தன்னுடையதல்ல என்று நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்திலேயே, கறிவேப்பிலையை நகர்த்திவிட்டு அவரிடம் ஒரு சொல் சொல்லாமல் விட்டது யார் என்ற கேள்வி ஏறி உட்கார்ந்தது. அதைப் பற்றி யோசிக்க இப்போது நேரமில்லை. "வாளி எடுங்கோ அங்கிள்."

தேநீர் வடிகட்டியால் சோற்றுப் பருக்கைகளை அவள் அள்ளினாள். பம்பை இன்னும் உயர்த்தி, தண்ணீர் மேலே தெறித்து விழும்படி வைத்தாள். குளத்தில் மூன்றிலொரு பங்கை மட்டும் எடுப்பது, எடுத்த அளவுக்கு மழைநீர்த் தாங்கியிலிருந்து மெல்ல மெல்ல விடுவது என்று தீர்மானித்தாள். குழாய்த் தண்ணீரில் குளோரின் மருந்து இருக்கும். தாங்கித் தண்ணீரும் குளமும் ஏறக்குறைய ஒரே குளிரில் இருந்ததை வெப்பமானி வைத்துப் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தடவையும் பார்த்தாள்.

அன்ரன் அங்கிள் வாளி வாளியாக மொண்டு வேலியோரத்து எலுமிச்சைக்கு ஊற்றினார். "பஸ்ஸிலயும் உப்பிடித்தான். பின்னால இறங்கினால்தான் முன்னால ஏத்தலாம்."

"மெதுவா அங்கிள். பிறேக் போடாமல் ஊத்துறியள்."

"இனி ஒண்டும் போடக்கூடாதோ? ஒண்டுமே?"

"அதுகளுக்கு இது தவக்காலம், நோன்பு எண்டு நினையுங்கோ."

அவர் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு யோசித்தார். "தவக்காலத்திலயும் ஞாயிறு விலக்குப் பிள்ளை."

"இராயப்பர் விலக்குக் கேக்கமாட்டார்."

"ஓம், ஓம். சேவல் கூவ முதல் ஆண்டவரையே மூண்டுதரம் இல்லையெண்ட ஆள்தானே. சாப்பாட்டையும் ஒருக்கா இல்லையெண்டு சொல்லட்டும்."

மாலைக்குள் மீன்கள் வாயைப் பிளப்பது குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்ல டிலக்சிக்குத் துணிவில்லை.

ஞாயிறு பிற்பகல் அவள் குளத்தடிக்குப் போனபோது வெண்மை பாதிக்குமேல் தெளிந்திருந்தது. மேலே ஒரு மீனும் இல்லை.

"அங்கிள்!"

அவள் போட்ட சத்தத்தில் அவர் கரண்டியோடு ஓடிவந்தார். இருவரும் குளக்கரையில் முழந்தாளிட்டார்கள். ஏதாவது செத்து மிதக்கிறதா என்று ஓரங்களைப் பார்த்தார்கள். ஒன்றும் மிதக்கவில்லை. அன்ரன் அங்கிள் கைபேசி விளக்கை அடித்துத் தண்ணீருக்குள் பிடித்தார். ஆழத்தில், அல்லிச் சட்டியின் அருகே, செம்மஞ்சளாக ஒரு முதுகு. செட்டைகள் விசிறிபோல மெல்ல அசைந்தன. அதன் பின்னால் மற்றவை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"நித்திரை" என்றாள் டிலக்சி. ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குளிர்காலத்தில் கண்ணில் படாத மீன்தான் சுகமான மீன் என்று படித்தது நினைவுக்கு வந்தது. முதல் தடவையாகத் தன் குறிப்பை அவள் நம்பினாள்.

விளக்கு அணையுமுன்னே அதே கைபேசி மணியடித்தது. திரையில் பொனிபஸ் அங்கிள், பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு. அவர் தோளருகே மாக்கிறேட் அன்ரி.

"எங்க இராயப்பர்? ஒருத்தரையும் காணேல்லை?"

டிலக்சி தொடங்குமுன் அன்ரன் அங்கிள் முந்திக்கொண்டார். "அத்தான், உங்கட குளத்தை நான் கஞ்சியாக்கிப் போட்டன். இந்தப் பிள்ளைதான் காப்பாத்தினது." அரிசித் தண்ணீர், சோறு, வாளி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

பொனிபஸ் அங்கிள் கைபேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"அரிசித் தண்ணியோ?" என்றார். "அப்ப ஒவ்வொரு சம்மரும் குளம் பாசி பிடிச்சுப் பச்சையாகிறது..."

அவருடைய தோளருகே இருந்த முகம் மெல்லத் திரையை விட்டு நழுவியது.

"மாக்கிறேட்! இங்க வாரும்!"

"நான் அல்லிக்குத்தான் ஊத்தினனான், மீனுக்கில்லை!" என்று தூரத்திலிருந்து குரல் வந்தது.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொனிபஸ் அங்கிள் கேட்டார். "டிலக்சி, கேதீஸிட்டைக் குடுத்திருக்கலாம் எண்டு யோசிச்சனியோ?"

"கொஞ்சம் அங்கிள்."

"கொஞ்சமோ?" என்றார் அன்ரன் அங்கிள். "காயப்போட்ட உடுப்பு மாதிரிப் பிள்ளை குளக்கரையிலயே தொங்கிக்கொண்டு நிண்டது!"

"எனக்கு அந்த யோசினை வரேல்லை" என்றார் பொனிபஸ் அங்கிள். "சரி, வையுங்கோ. உங்கட சத்தத்தில அதுகள் எழும்பிடும்."

அன்ரன் அங்கிள் குசினிக்குப் போய் அரிசி கழுவிய சட்டியோடு வந்தார். குளத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நேரே எலுமிச்சையடிக்கு நடந்தார்.

டிலக்சி வலையை இழுத்துக் கட்டினாள். வெப்பமானி கரையில் கிடந்தது. எடுத்துத் துடைத்து, இந்தத் தடவை தண்ணீரில் விட்டுப் பார்க்காமல், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனாள்.