அடுத்த சீசனுக்கு ஒரு கையெழுத்து

கோல் போஸ்ட் எத்தனை அடி உயரம் என்று என்னைக் கேட்டால் தெரியாது. அதில் மாட்டியிருக்கிற வலையை எந்தக் கடையில் கடனுக்கு வாங்கினோம், என் நம்பரைப் பார்த்ததும் அந்தக் கடைக்காரர் எப்படிப் பல்லைக் கடிப்பார் என்பதெல்லாம் அத்துப்படி. இரண்டாம் டிவிஷனில் விளையாடும் ஒரு கால்பந்துக் கிளப்புக்குக் கணக்குப் பார்ப்பவள் நான். வீரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'இல்லக்கா'. யார் எதைக் கேட்டு வந்தாலும் 'இல்லை' என்றுதான் ஆரம்பிப்பேனாம். பின்னே? இருந்தால்தானே கொடுக்க முடியும்!

எங்கள் கிளப்பின் கணக்கைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். டிக்கெட் வசூல், மைதானத்து விளம்பரப் பலகைகள், டிவிக்காரன் மனமிரங்கிப் போடுகிற சில்லறை, எல்லாவற்றையும் கூட்டினாலும் சம்பளத்தில் பாதிதான் தேறும். மீதிப் பாதியும், அதோடு பஸ், ஹோட்டல், புல்லுக்குத் தண்ணீர், முட்டிக்கு டாக்டர், எல்லாம் முதலாளி பையிலிருந்து வரவேண்டும். என்றைக்காவது முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டால் டிவிப் பணம் கொட்டும், போட்டதையெல்லாம் எடுத்துவிடலாம் என்பது அவர் நினைப்பு. இந்த டிவிஷனில் இருக்கிற அத்தனை முதலாளிகளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏறுவது என்னவோ வருடத்துக்கு இரண்டே டீம். மற்றவர்கள் அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் கொட்டுவார்கள். இதற்குப் பெயர் தொழிலாம். என் வாயைக் கிளறாதீர்கள்.

முதலாளிக்கு மெத்தைத் தொழிற்சாலை. வீரர்களின் சட்டையில் நெஞ்சு அகலத்துக்கு ஒரு மெத்தைப் படம் இருக்கும். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால், எங்கள் டீம் உள்ளே நுழையும்போதே எதிரணி ரசிகர்கள் அத்தனை பேரும் சேர்ந்து கொட்டாவி விடுவார்கள். வீரர்களுக்கு அவமானமாக இருக்கும். முதலாளி மட்டும் தொடையில் தட்டிச் சிரிப்பார். "பாத்தியாம்மா, காசு குடுக்காமயே நம்ம மெத்தைக்கு விளம்பரம்!" என்பார். அப்படிப்பட்ட மனிதரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? நான் கோபித்துக்கொள்வேன். அது வேறு விஷயம்.

மாதக் கடைசியில் போன் போட்டு, "சார், இந்த மாசம் இவ்ளோ துண்டு விழுது" என்பேன். "அனுப்பறேன்மா" என்பார். வந்துவிடும். ஒரு காகிதம் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. நானாகத்தான் அதைக் கிளப்புக்கு அவர் கொடுத்த கடன் என்று எழுதி வைப்பேன். திருப்பிக் கேட்டதும் இல்லை. கோச்சுக்குச் சம்பள உயர்வு, வீரர்களுக்குப் போனஸ் எல்லாமே அவர் வாயால் சொன்னதுதான். அவர் வாய் தவறியதும் இல்லை. அதனால் கிளப்பில் எல்லோரும் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினார்கள், என்னைத் தவிர.

இந்த வருடம் லீக் அலுவலகம் ஒரு புதுச் சட்டம் போட்டது. நடுவில் இரண்டு மூன்று கிளப்புகள் சம்பளம் கொடுக்க முடியாமல் கையை விரித்துவிட்டன. அதனால், அடுத்த சீசனுக்கு எவ்வளவு துண்டு விழுந்தாலும் நான் ஈடுகட்டுகிறேன் என்று முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் கொடுத்தால்தான் லைசென்ஸ். கொடுக்காவிட்டால் டிவிஷனைவிட்டே வெளியே. ஒரே ஒரு கையெழுத்து. எத்தனையோ மாதங்களாகப் பணமே கொடுக்கிறவருக்குக் கையெழுத்துப் போடுவதில் என்ன வந்தது?

அங்கேதான் ஆரம்பித்தது என் தலைவலி. முதலில், "என் வார்த்தை போதாதாம்மா?" என்றார். "எனக்குப் போதும் சார், லீக்குக்குப் போதாது" என்றேன். அடுத்த தடவை கண்ணாடியைக் காணோம். அதற்கடுத்த தடவை வக்கீலைக் கேட்க வேண்டும். வக்கீலிடம் நானே போய்க் கேட்டு வந்தேன்; தாராளமாகப் போடலாம் என்றார். திரும்பி வந்தால் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். மூன்று வாரமாக இப்படியே தண்ணி காட்டினார். போன் அடித்தால் எடுப்பார், பணம் கேட்டால் அனுப்புவார், கடிதம் என்று ஆரம்பித்தால் மட்டும், "அடுத்த ஆட்டம் எப்படிம்மா இருக்கும்?" என்பார். எனக்கென்ன தெரியும் ஆட்டத்தைப் பற்றி!

எனக்கு ஏன் இத்தனை பதைப்பு என்று கேட்பீர்கள். டீமின் கேப்டன் என் தம்பி. பின்வரிசையில் ஆடுகிறவன். முப்பத்து மூன்று வயது, ஒரு முட்டியில் இரண்டு ஆபரேஷன். அவன் ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. வேறு ஒரு கிளப் அவனைக் கூப்பிட்டிருந்தது. தூரத்து ஊர்தான், சின்ன கிளப்தான், ஆனால் இரண்டு வருட ஒப்பந்தம், முதல் தேதியானால் சம்பளம். அந்த வயசுக்கும் அந்த முட்டிக்கும் இனிமேல் இன்னொருவன் கூப்பிட மாட்டான். அது அவனுக்கும் தெரியும்.

ஆனால் அவனுக்கு இங்கே இருக்கத்தான் ஆசை. வீடு இங்கே, மகளின் பள்ளிக்கூடம் இங்கே. "அக்கா, முதலாளி கையெழுத்து போட்டுட்டா நான் இங்கயே இருந்துடறேன். போடலைன்னா கிளம்பிடறேன். நீ சொல்றதுதான்" என்றான். அந்தக் கிளப்காரர்களும் ஒரு தேதி சொல்லிவிட்டார்கள். என் கெட்ட நேரம், லீக் அலுவலகத்தில் கடிதம் கொடுக்கக் கடைசி நாளும் அதே நாள்.

அன்று காலையில் கோச் என் மேஜைக்கு வந்து, அடுத்த சீசனுக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் வேண்டும் என்றார். ஒரே ஒரு ஸ்ட்ரைக்கர் போதுமாம், டீம் மேலே ஏறிவிடுமாம். "சார், அடுத்த சீசனே இருக்கான்னு தெரியல, நீங்க வேற!" என்று எரிந்து விழுந்துவிட்டு, கடிதத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு தொழிற்சாலைக்குக் கிளம்பினேன்.

முதலாளியின் அறை மாடியில். கீழே தையல் பகுதியில் பாதி விளக்குகள் எரியவில்லை. ஆட்கள் சாப்பிடப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு படியேறினேன். கணினிக்குமுன் உட்கார்ந்திருந்த முதலாளியின் மகள் என்னைப் பார்த்து எழுந்தாள். "அக்கா, ஒரு நிமிஷம்..." என்றாள். "வந்து பேசறேன்மா" என்று அவளைத் தாண்டிக் கதவைத் தள்ளினேன்.

"வாம்மா, உக்காரு. டீ சொல்லட்டுமா?" என்றார் முதலாளி.

"டீயெல்லாம் வேண்டாம் சார். இன்னிக்கு சாயங்காலத்தோட கெடு முடியுது. போடுங்க." கடிதத்தை அவர் முன்னால் விரித்துப் பேனாவையும் திறந்து வைத்தேன்.

"பாக்கலாம்மா..."

"என்ன சார் பாக்கலாம்? மூணு வாரமா பாத்துட்டுதானே இருக்கேன்!"

"நான் எப்பவாவது குடுக்காம இருந்திருக்கேனா?"

அவ்வளவுதான். இத்தனை நாள் தொண்டையில் நின்றதெல்லாம் கொட்டிவிட்டது. "குடுத்தீங்க சார், யார் இல்லைன்னா? ஆனா உங்களுக்கு இது ஆசை. எங்களுக்கு வயித்துப்பாடு. உங்க வார்த்தை, உங்க வார்த்தைன்னு சொல்றீங்களே, நாளைக்கு உங்களுக்கே ஒண்ணு ஆயிட்டா அந்த வார்த்தைய நாங்க எந்த பேங்க்ல போய் மாத்தறது? என் தம்பி ரெண்டு வருஷ வேலைய கையில வெச்சுக்கிட்டு உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கான். அவன் குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்தணும்னு நெனச்சா இப்பவே சொல்லிடுங்க. அவன் போயிடுவான்."

இப்படியெல்லாம் அவரிடம் யாரும் பேசியதில்லை. அவர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதப் போட்டா நீ நிம்மதியா இருப்பியாம்மா?"

"இருப்பேன் சார்."

போட்டார். மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். மை காய்வதற்குள் நான் எடுத்துக்கொண்டேன். நன்றிகூட ஒழுங்காகச் சொன்னேனா என்று நினைவில்லை. அறையைவிட்டு வெளியே வந்து, கதவுக்குப் பக்கத்திலேயே நின்று, தம்பிக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்பினேன். 'வாங்கிட்டேன்.' மூன்று வாரத்தில் முதல்தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

"கையெழுத்து போட்டுட்டாரா?" என்று பக்கத்தில் குரல் கேட்டது. முதலாளியின் மகள். முகம் வெளுத்திருந்தது.

"போட்டுட்டார்மா. அப்பப்பா, உங்க அப்பாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு."

"அத லீக்ல குடுக்காதீங்கக்கா."

"ஏன்?"

அவள் என் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போனாள். "ஃபேக்டரிய வித்தாச்சுக்கா. வாங்கினவங்க அடுத்த மாசம் மெஷினெல்லாம் எடுத்துட்டுப் போறாங்க. பேங்க் கடனை அடைச்சது போக கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. இத்தனை மாசமா உங்களுக்கு வந்துட்டிருந்தது அதுதான். இந்த மாசச் சம்பளத்தோட அதுவும் தீந்துடும். 'இருக்கற வரைக்கும் குடுத்துடறேன், இல்லாதத குடுப்பேன்னு எப்படிம்மா எழுதிக் குடுக்கறது'ன்னு வீட்ல தெனமும் புலம்பிட்டிருந்தார். இன்னிக்கு எப்படிப் போட்டாருன்னே புரியல."

எனக்குப் புரிந்தது. கீழே எரியாத விளக்குகளை இப்போது பார்த்தேன். மெஷின்கள்மேல் துணி போட்டு மூடியிருந்தார்கள். அதைத் தாண்டித்தானே மாடிக்கு வந்தேன்!

கோபமும் வந்தது, பொய் சொல்வானேன். யார்மேல் என்றுதான் தெரியவில்லை. திரும்ப அறைக்குள் போனேன். முதலாளி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். பேனா திறந்தபடி கிடந்தது.

"இத நான் எடுத்துட்டுப் போக முடியாது சார்" என்று கடிதத்தை மேஜைமேல் வைத்தேன்.

அவர் என் பின்னால் நின்ற மகளைப் பார்த்தார். பிறகு கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "அப்பாடா" என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்!" என்றேன். "எத்தனை பேர் பொழப்பு இது!"

"சொல்லியிருந்தா சீசன் நடுவுலயே டீம் கலைஞ்சிருக்கும்மா. யாராவது கிளப்பை வாங்க வருவாங்கன்னு பாத்தேன். ரெண்டு பேர் வந்தாங்க. கணக்க வாங்கிட்டுப் போனவங்க அதுக்கப்புறம் போனையே எடுக்கல." கிழித்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "உன் தம்பிக்கு அந்த வேலை இருக்குல்ல? அவர நல்லபடியா அனுப்பி வெச்சுடும்மா. நல்ல ஆட்டக்காரர்."

எனக்கு அப்போதுதான் தம்பி ஞாபகம் வந்தது. அனுப்பிய வார்த்தையும் ஞாபகம் வந்தது. படியிறங்கிக்கொண்டே போன் போட்டேன். முதலில் தவறான பெயரை அழுத்தினேன். இரண்டாம் தடவை எடுத்தான். பின்னால் ஒரே கூச்சல், யாரோ பாடினார்கள், யாரோ மேஜையில் தாளம் தட்டினார்கள். சேதி எல்லோருக்கும் போயிருந்தது.

"இல்லக்கா ஆமான்னு சொல்லிட்டாங்கன்னு இங்க கொண்டாட்டம்" என்று சிரித்தான்.

"டேய், நான் சொல்றதக் கேளு. அந்தக் கிளப்காரங்களுக்கு உடனே போன் போடு. வர்றேன்னு சொல்லு."

"என்னக்கா சொல்ற? உன் மெசேஜ் வந்ததுமே வரலைன்னு சொல்லிட்டேனே."

"திருப்பிப் போடுடா. மனசு மாறிட்டேன்னு சொல்லு."

"அந்த இடத்துக்கு இன்னொருத்தன் காத்துட்டிருந்தான்க்கா. அவனுக்குச் சொல்லிட்டாங்க. இப்பதான் எனக்கு தேங்க்ஸ் சொல்லி மெசேஜ் அனுப்பினான். ஏன்? என்ன ஆச்சு?"

சொன்னேன். மூடிக் கிடந்த மெஷின்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஃபேக்டரி, பேங்க், மிச்சப் பணம், கிழித்த கடிதம், எல்லாவற்றையும் சொன்னேன். கூச்சல் மெல்லத் தேய்ந்தது. வெளியே வந்து கதவைச் சாத்தியிருப்பான் போலிருக்கிறது. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அக்கா" என்றான். "மூணு வாரமா அவர் பின்னாடியே சுத்தினியே. ஏன் சார் போட மாட்டேங்கறீங்கன்னு ஒரு தடவைகூட நீ கேக்கலியா?"

"கேக்கலடா" என்றேன்.