பேச்சியம்மாளின் முகம்

காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடப்பக்கமாக ஒழுகி நைட்டியை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து மகா மறுபடி கொப்பளித்தாள். மறுபடியும் ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தாள். அதில் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

பேச்சியம்மாள் யாரென்று கொச்சியில் கேட்டால் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். தினமும் டிவியில் வரும் மலையாளத் தொடரில் மகா போடும் வேஷம், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக ஊரோடு சண்டை போடும் பூக்காரி. கோபம் வந்தால் வாய் வலப்பக்கம் காதுவரை இழுத்துக்கொள்ளும். இடது கண் இமைக்காமல் முறைக்கும். அந்த ஒரு முகத்துக்காகவே ஜனம் டிவி முன்னால் உட்கார்ந்தது. ஆட்டோ ஸ்டாண்டில், பள்ளிக்கூட வாசலில், கல்யாண வீடியோவில் எல்லாரும் அதைச் செய்து பார்த்தார்கள். ஒருத்தருக்கும் சரியாக வரவில்லை.

மகாவுக்கு அந்த முகம் கலூரில் ஒரு கிளப் ஆண்டு விழாவில் கிடைத்தது. நாடகக் குழுவோடு வேனில் அலைந்த காலம். பாதி நாடகத்தில் மைக் செத்துப்போக, ஜனம் கூச்சல் போட, என்ன செய்வதென்று தெரியாமல் வாயைக் கோணினாள். மைதானமே குலுங்கியது. மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளியின் மகளுக்கு டிவியில் இடம் வாங்கித் தந்தது திறமை, உழைப்பு என்று பேட்டிகளில் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அந்தக் கோணல்தான்.

அதைத்தான் இப்போது கழற்ற முடியவில்லை. கன்னத்தைக் கிள்ளினாள், தேய்த்தாள். இடது கண் மூட மறுத்தது. அவள் அப்பாவுக்கும் இப்படித்தான் ஒரு காலையில் முகம் இழுத்துக்கொண்டது. வெயில் தாழ்வதற்குள் கை போனது, பேச்சு போனது, மறுநாள் ஆளே போய்விட்டார். சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னதை அவள் மறக்கவில்லை. சீக்கிரம் போக வேண்டும். வேறெதுவும் தோன்றவில்லை.

புருஷன் ரமேஷ்பாபுவுக்கு அக்கரையில், பிராட்வேயில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. படகைப் பிடிக்கிற அவசரத்தில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, என் முகத்தைப் பாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

சொன்னாள்தான். ஆனால் உதடு ஒட்டாததால் பாதி எழுத்து காற்றாகப் போயிற்று. பல்லெல்லாம் கொட்டிய கிழவி பேசுகிற மாதிரி வந்தது. ரமேஷ்பாபு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போதும்ட்டீ! காலங்காத்தாலேயே தொடங்கிட்டியா? எனக்குப் படகு போயிரும்."

கையைப் பிடித்து இழுத்தாள். அழுகை வந்துவிட்டது. பேச்சியம்மாளும் அழுவாள், அந்த அழுகைக்குத் தனியாக ரசிகர்கள் உண்டு. "அய்யோ, அழுகை வேறயா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் இறங்கிப்போனார். தெருவில் நின்று திரும்பி, தானும் வாயைக் கோணிக் காட்டிவிட்டுப் போனார். நல்ல மனுஷன்தான். கல்யாணமான நாள்முதல் அவளுக்கு முதல் ரசிகன். அதுதான் வினையாகப் போயிற்று.

குழாயடியில் பக்கத்து வீட்டுக் கற்பகம் நின்றாள்.

"எக்கா, இன்னிக்கு ஷூட்டிங் உண்டா? இரு இரு, போனை எடுத்துட்டு வாரேன். ஒருவாட்டி காட்டு."

"நடிப்பு இல்லட்டீ. சத்தியமா."

அவள் சத்தியம் செய்த அழகில் கற்பகம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. யாரோ கைகூடத் தட்டினார்கள். ஊரைச் சிரிக்க வைத்துப் பிழைக்கிறவளுக்கு நோவு வரக்கூடாது. வந்தால் ஊர் அதையும் ஒரு ஐட்டமாக எடுத்துக்கொள்ளும்.

மகா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு வேகமாக நடந்தாள். இடது கையை மூடி மூடித் திறந்து பார்த்தாள். கை வருகிறது. இன்னும் வருகிறது.

முக்கில் பினுவின் ஆட்டோ நின்றது. அவளைக் களமசேரி ஸ்டுடியோவுக்குக் கொண்டு விடுகிறவன் அவன்தான். துப்பட்டா விலகியதும் ஹேண்டில்பாரில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான்.

"எந்தா மகாச்சேச்சி, எனக்குன்னு ஸ்பெஷல் ஷோவா?"

"ஆஸ்பத்திரி," என்றாள்.

"ஓ, ஆஸ்பத்திரி சீனா? கேறு, கேறு."

வண்டி கிளம்பிய பிறகு அவள் பேச்சை விட்டுவிட்டாள். பேசினால் சிரிக்கிறார்கள். அழுதால் சிரிக்கிறார்கள். கோபப்பட்டாலோ, கேட்கவே வேண்டாம். சீட்டில் சாய்ந்து வெளியே பார்த்தாள். மசாலாக் கிடங்குகள் கடந்து போயின. இடது கையை மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். சுண்டுவிரல் மெதுவாக மடங்கியதா, அல்லது பயமா என்று தெரியவில்லை. மறுபடி மடக்கினாள்.

அடுத்த வேடிக்கைக்காகப் பினு கண்ணாடியில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, யாரையுமே பார்க்கவில்லை. லாரி கிளப்பிய தூசி முகத்தில் அடித்தபோதும் அந்த இடது கண் இமைக்கவில்லை. கடைவாயில் எச்சில் இறங்கி மோவாயில் நின்றது. அவளுக்கு அது தெரியவேயில்லை. பினுவின் சிரிப்பு நின்றது.

"சேச்சி... அந்தக் கண்ணை ஒண்ணு அடச்சே."

முயன்றாள். வலது கண் மூடியது. இடது கண்ணில் வெள்ளை மட்டும் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசல்வரை அவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளே அவளைக் கண்டு முகம் மலர்ந்த நர்ஸிடம், "சிரிக்காதே சிஸ்டரே, சேச்சிக்கு சுகமில்ல!" என்று கத்தினான். அந்தக் கத்தலுக்காக மகா அவனை ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

டாக்டர் ஸுப்ரியா சின்னப்பெண். கையைத் தூக்கச் சொன்னாள், விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள், புருவத்தை உயர்த்தச் சொன்னாள், கன்னத்தை உப்பச் சொன்னாள். கடைசியாக, "சிரிச்சுக் காட்டுங்க," என்றாள். மகா சிரித்தாள். அந்த அறையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"ஸ்ட்ரோக் இல்ல சேச்சி, பயப்படாதீங்க. முகத்து நரம்புல வீக்கம். மருந்து இன்னிக்கே தொடங்கலாம்."

"பழையபடி ஆயிருமா?"

"அநேகம் பேருக்கு ஆகும்."

"எனக்கு?"

"இப்ப சொல்ல முடியாது. சிலருக்குக் கொஞ்சம் கோணல் தங்கிரும்."

உயிருக்கு ஆபத்தில்லை. மகா மூச்சு விட்டாள். விட்ட மூச்சு அடங்குவதற்குள் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்தது. கோணிய வாய் அடுத்த நிமிஷம் நேராகிவிடும் என்று தெரிவதால்தான் ஜனம் சிரித்தது. நேராகாத வாயைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? காலையெல்லாம் சிரிக்காதே சிரிக்காதே என்று மனசுக்குள் கெஞ்சியவளுக்கு, இந்த நர்ஸ் ஒருதரம் சிரித்தால் தேவலை என்றிருந்தது.

பினு போன் பண்ணியிருந்தான் போல. ரமேஷ்பாபு போன படகிலேயே திரும்பி வந்து, வியர்த்து விறுவிறுத்துக் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"நான் சிரிச்சேனேட்டீ," என்றார். "நீ அழுதே. நான் சிரிச்சேனே."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நோவைவிட அதுதான் மகாவால் தாங்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தாள். பேச்சியம்மாள் குரலை எடுத்து, ஊரே ஒப்பிக்கிற அந்த வசனத்தைச் சொன்னாள்.

"பூ வேண்டாம்னா போயேன், ஏன் மோந்து பாக்குறே?"

எழுத்துகள் காற்றாகத்தான் வந்தன. சொல்லிவிட்டு, வழக்கம்போலக் காத்திருந்தாள். நர்ஸ் குனிந்துகொண்டாள். பினு சுவரைப் பார்த்தான்.

"சிரிங்களேன்," என்றாள் புருஷனிடம்.

ரமேஷ்பாபு நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். தோள் குலுங்க, சத்தமாகவே சிரித்தார். மேடை விளக்கில் கண் கூசினாலும், எந்த வரிசை நிஜமாகச் சிரிக்கிறது, எந்த வரிசை மரியாதைக்குச் சிரிக்கிறது என்று காதாலேயே பிரித்துவிடுகிறவள் அவள். அவர் மரியாதைக்குச் சிரித்தார். கல்யாணமானதிலிருந்து இதுதான் முதல் தடவை.