நான் பார்க்காத கணக்கு

என் அம்மா ஒரு பொய் சொன்னார். சொன்னது அம்மா, மாட்டிக்கொண்டது நான். இதை அமைதியாகச் சொல்ல என்னால் முடியாது. யாரும் அதை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

முதலில் என் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. டேனிஷ் நகரமான ஒடென்சேயில், பல்கலைக்கழகத்தில் பொருளியலும் நிதியும் படிக்கிறேன். ஓர் அரையாண்டு வகுப்பில் இருந்தால், அடுத்த அரையாண்டு ஏதாவதொரு நிறுவனத்தில் போய் வேலை செய்ய வேண்டும். இங்கே அதைப் பிரக்டிக் என்பார்கள். வேலையின் முடிவில் எனக்குப் பொறுப்பானவர் திருப்தி என்று எழுதிக் கொடுத்தால்தான் அந்த அரையாண்டு படிப்பில் சேரும். இல்லாவிட்டால் பட்டம் தள்ளிப் போகும். எத்தனையோ இடங்களுக்கு விண்ணப்பித்து, நிலக்சி மகேந்திரராசா என்ற பெயரைக் கண்டதும் பதிலே போடாதவர்களையெல்லாம் மனதுக்குள் திட்டித் தீர்த்த பிறகு, நகரின் நடுவில் ஒரு வங்கியில் கடன் பிரிவில் இடம் கிடைத்தது.

"எங்கட சின்னவள் பாங்கில பெரிய வேலை" என்று அம்மா ஊர் முழுக்கச் சொன்னார். வேலை இல்லை அம்மா, படிப்பு என்றேன். "பாங்குக்கதானே இருக்கிறாய்? பிறகென்ன?" என்றார். கோயிலில் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போதே வட்டி வீதம் கேட்டார்கள். பூசை முடியும் மட்டும் கூடப் பொறுக்க முடியாதாம்.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குச் சம்பந்தம் வந்தது. அக்கா மேனுஜா ஒரு பல் மருத்துவரிடம் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை டிலக்சன், தலைநகருக்குப் பக்கத்தில் புரொண்பியில் இருக்கும் விஜிதா அன்ரியின் ஒரே மகன், கணினி வேலை. தாயும் மகனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், றோல்ஸ் சாப்பிட்டார்கள், நாங்கள் இருக்கும் ஃபூனன் தீவில் காற்று நல்லது என்றார்கள். தன் மகனும் நான் வேலை செய்கிற வங்கியில்தான் கணக்கு வைத்திருக்கிறான் என்று விஜிதா அன்ரி பெருமையாகச் சொன்னார். சாதகம் முன்பே பார்த்தாயிற்று. எட்டுப் பொருத்தம்.

அவர்களின் கார் தெருவைத் திரும்பும் முன்னரே அக்கா டேனிஷில், "எனக்கு அவரைப் பிடிக்கவில்லை" என்றாள். காரணம் கேட்டால், காரணம் இல்லை, பிடிக்கவில்லை என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

ஆனால் எங்கள் ஆட்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த கேள்வி, அப்போ ஆரை வைச்சிருக்கிறாள் என்பது. வேண்டாத சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்க எல்லோரும் சொல்கிற மரியாதையான பொய் ஒன்று இருக்கிறது: சாதகம் பொருந்தவில்லை. யாருக்கும் நோகாது, பழியைக் கிரகங்கள் எடுத்துக்கொள்ளும். இங்கே அந்த வழியும் அடைபட்டுக் கிடந்தது, பொருத்தம் பார்த்ததே அவர்கள்தான். ஆகவே அம்மா புதிதாக ஒரு கிரகத்தைக் கண்டுபிடித்தார். என்னை.

விஜிதா அன்ரிக்குத் தொலைபேசி எடுத்து அம்மா சொன்னது இது: "குறை நினைக்காதேங்கோ. சின்னவள் பாங்கில இருக்கிறாள்தானே, தம்பியின்ர கணக்கைப் பாத்தவளாம். தம்பிக்குக் கடன் கூடவாம்."

இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு காலை என் கணினி திறக்கவில்லை. பொறுப்பாளர் கிர்ஸ்டன் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். ஒரு வாடிக்கையாளர் முறைப்பாடு செய்திருக்கிறார், அவருடைய கணக்கை நான் திறந்து பார்த்து என் குடும்பத்துக்குச் சொன்னேனாம். டிலக்சனின் பெயரைச் சொன்னாள். எனக்கு மேலெல்லாம் கொதித்தது.

"நான் பார்க்கவில்லை. யார் எந்தக் கணக்கைத் திறந்தாலும் உங்களுக்குத் தெரியும்தானே?" என்றேன்.

"பார்த்தோம். நீ திறக்கவில்லை" என்றாள் கிர்ஸ்டன். "ஆனால் உன் அம்மா, நீ பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். ஒன்றில் உனக்காக வேறு யாரோ பார்த்திருக்க வேண்டும், அல்லது உன் அம்மா பொய் சொல்லியிருக்க வேண்டும். ஒரு அம்மா எதற்காக அப்படி ஒரு பொய் சொல்ல வேண்டும்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? எட்டுப் பொருத்தத்தைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து தொடங்குவது? விடயம் தெளியும் வரை நான் வீட்டில் இருக்க வேண்டும் என்றாள். தெளியாவிட்டால் திருப்தி என்று எழுத முடியாது. என் பக்கத்து மேசைக்காரர்களின் பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் துருவுகிறார்களாம். நேற்று வரை தங்கள் மதியச் சாப்பாட்டை என்னோடு பகிர்ந்தவர்கள், நான் பையை எடுத்துக்கொண்டு வெளியேறும்போது திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் கத்தினேன். அம்மா முதியோர் இல்ல வேலையால் வந்து சீருடை கூட மாற்றவில்லை.

"அவையள் இதைப் போய் பாங்குக்குச் சொல்லுவினம் எண்டு நான் கண்டனானே?" என்றார்.

"இப்ப எடுத்துச் சொல்லுங்கோ, பொய் சொன்னனான் எண்டு."

"சொன்னால் ஏன் பொய் சொன்னனி எண்டு கேப்பினம். மேனுஜாவின்ர பேர் நாறும். கொஞ்ச நாள் பொறு பிள்ளை, எல்லாம் ஆறிப்போடும்."

"ஆறுறதுக்கு இது என்ன தேத்தண்ணியே? என்ர படிப்பு அம்மா!"

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அக்கா கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போய்விட்டாள், மிச்சத்தை நான் சுமக்க வேண்டும்.

அடுத்த நாளே ரயிலேறி, டிலக்சனைப் புரொண்பி நிலையத்துக்கு வெளியே வரச் சொன்னேன். மெலிந்து, தூங்காத கண்களோடு வந்தான். நாங்கள் இருவரும் டேனிஷில்தான் பேசினோம். இதெல்லாம் பொய், என் அக்காவுக்கு உங்களைப் பிடிக்கவில்லை, அதைச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவன் என்னை முறைத்தான். "அப்படியென்றால் எப்படித் தெரியும்?"

"என்ன தெரியும்?"

"கடன்."

சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவனுக்கு உண்மையிலேயே கடன் இருந்தது. கடன் வாங்கிக் கிரிப்டோவில் போட்டிருக்கிறான். விழுந்ததும், விட்டதைப் பிடிக்க இன்னும் வாங்கிப் போட்டிருக்கிறான். எங்கள் வகுப்பில் தொடக்கத்திலேயே செய்யாதே என்று சொல்லித் தருகிற விடயம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் சரியாக இவன் தலையில் விழுந்திருக்கிறது.

"நீ என் கணக்கைத் திறக்கவில்லை என்று வங்கி எழுதியது. நான் நம்பவில்லை" என்றான். "இப்போது நம்புகிறேன். அக்காவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று சொன்னாயே, அப்போது உன் முகத்தைப் பார்த்தேன்."

"அப்போ முறைப்பாட்டை மீளப் பெறுங்கள்."

"முடியாது. என் அம்மாவுக்குக் கடனைப் பற்றி ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இருந்து அவர்தான் எழுத வைத்தார். இப்போது காரணம் சொல்லாமல் நானே மீளப் பெற்றால், கடன் உண்மைதானோ என்று அவருக்குச் சந்தேகம் வரும்." குரலைத் தாழ்த்தினான். "உன் அம்மா வந்து என் அம்மாவிடம் பொய் என்று சொல்லட்டும். அன்றைக்கே வங்கிக்கு எழுதுகிறேன். நீ இதை ஒருவருக்கும் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன்."

அவன் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது. தன் கடனை மறைக்க என் படிப்பைப் பணயம் வைத்துவிட்டு, என்னிடமே கெஞ்சுகிறான். ஆனால் நான் யாருக்குச் சொல்ல முடியும்? சொன்னால், கணக்கைப் பார்த்தது நான்தான் என்று ஆகிவிடும். அம்மாவுக்குச் சொன்னாலோ, பாத்தியே, நான் சொன்னது சரிதானே என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். பிறகு எந்தக் கொம்பனாலும் அவரைப் புரொண்பிக்குக் கூட்டிப் போக முடியாது.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஒன்றையே சொன்னேன்: அம்மா வந்து சொல்லாவிட்டால் என் பட்டம் போச்சு. அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கைபேசியை வைத்துவிட்டு அக்கா, எங்களோடு எப்போதும் டேனிஷில் மட்டும் பேசுகிறவள், தமிழில் சொன்னாள்:

"நான்தான் வேண்டாம் எண்டனான். நான் போய் அவையளுக்குச் சொல்லுறன்."

"நீ வாயை மூடு" என்றார் அம்மா. "பொய் சொன்னது நான். நானே போறன்."

ஞாயிற்றுக்கிழமை நான் கார் ஓட்ட, அம்மா கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தார். தீவுகளை இணைக்கிற பெரிய பாலத்தைக் கடக்கும்போது கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

விஜிதா அன்ரி எங்களை வாங்கோ என்றார், இருங்கோ என்று சொல்லவில்லை. அம்மா நின்றபடியே சொன்னார்:

"நான் பொய் சொன்னனான் விஜிதா. என்ர பிள்ளை ஒண்டையும் பாக்கேல்ல. மூத்தவளுக்கு மனசில்லை. அதைச் சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

டிலக்சன் சாப்பாட்டு மேசையருகே நின்று கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டியே தம்பி?" என்றார் விஜிதா அன்ரி. பிறகு அம்மாவிடம் திரும்பினார். "என்ர பிள்ளை ஆரிட்டையும் ஒரு குரோன் கைநீட்டி வாங்காதவன். கிழடுகளைக் கழுவித் துடைக்கிற உங்களுக்கு, படிச்ச பிள்ளையின்ர பெறுமதி எங்க விளங்கப் போகுது? இப்பிடிப் பொய் சொல்லுற வீட்டில நாங்கள் சம்பந்தம் செய்யாமல் தப்பினது கடவுள் புண்ணியம். அல்பர்ட்ஸ்லுண்ட் சனம் வரைக்கும் எல்லாரும் இதை அறியத்தான் வேணும்."

அம்மா தலையைக் குனிந்தார். என் அம்மா, ஊரில் ஒருவருக்கும் தலை குனியாத தங்கமலர், அந்தக் கம்பளத்தின் மேல் தலை குனிந்து நின்றார். என் வாய்க்குள் ஒரு வசனம் முழுதாகத் தயாராக இருந்தது. உங்கட மகனைக் கேளுங்கோ அன்ரி. அதை மட்டும் சொன்னால் போதும், அந்த வீட்டில் யார் தலை நிமிரும், யார் தலை குனியும் என்பது நொடியில் மாறிவிடும். டிலக்சன் என்னைப் பார்த்தான்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவனுக்காக இல்லை. அவன் எக்கேடோ கெட்டுப் போகட்டும். வாயைத் திறந்தால் என் படிப்பு போய்விடும், அதனால் என் அம்மாவை அவமானப்பட விட்டேன்.

நாங்கள் காரில் ஏறும் முன்னரே கைபேசியில் அவனிடமிருந்து செய்தி வந்தது. வங்கிக்கு எழுதிவிட்டானாம், நன்றியாம். அழித்தேன். சிறிது தூரம் போய்ப் பெட்ரோல் போட நிறுத்தியபோது, ஞாயிறென்றும் பாராமல், நாளைக்கு வா என்று கிர்ஸ்டனிடமிருந்தும் வந்தது. படித்துச் சொன்னேன். அம்மா, "சரி. அது போதும்" என்றார்.

பாலத்தில் காற்று காரைத் தள்ளியது. நடுவழியில் அம்மா கேட்டார்:

"அந்தப் பெடியன் ஏன் பிள்ளை ஒருக்காலும் என்ர முகத்தைப் பாக்கேல்ல?"

"எனக்கென்ன தெரியும்?"

"உண்மையா அவனுக்குக் கடன் ஒண்டும் இல்லைத்தானே? நீ பாங்கில இருக்கிறாய். சொல்லன்."

ஒரு சொல் சொன்னால் அம்மாவின் தலை நிமிர்ந்துவிடும். கார் வீடு போய்ச் சேரும் முன்னர் அது புரொண்பிக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

"எனக்குத் தெரியாது அம்மா."

அம்மா மெதுவாகத் தலையாட்டினார். கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப ஒரு நல்ல பெடியன்ர பேரைத்தான் நான் கெடுத்துப்போட்டன்" என்று சொல்லி, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழத் தொடங்கினார். நான் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன்.