ஒவ்வாமை என்ற வரியில் காலியிடம்

1

இந்தக் கதை கால்மணி நேரத்துக்கு முன்னால், எங்கள் சாப்பாட்டு மேஜையில் பிறந்தது. என் தங்கை இதோ எதிரில் போனும் கையுமாக நிற்கிறாள். இந்த நேரத்தில் கதையா என்று திட்டாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

‘அன்று மழை’ (கோடு போட்டு அடித்துவிட்டேன். வெயில் கொளுத்துகிறது.)

2

தங்கை மென்பொருள் எழுதுகிறவள். மருத்துவமனையில் நோயாளியின் மணிக்கட்டில் கட்டுகிறார்களே ஒரு பட்டை, அதை அச்சிடுவது அவள் ப்ரோக்ராம்தான்.

(சின்னப் பாடம். பாயின்டர் என்பது விலாசச் சீட்டு; தகவல் எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும். விலாசமே இல்லாத சீட்டு, நல் (null) பாயின்டர். அதை அச்சிடச் சொன்னால் ப்ரோக்ராம் படுத்துவிடலாம், ‘நல்’ என்றே அடிக்கலாம், காலியாக விடலாம்.)

முதலில் ‘ஒவ்வாமை: நல்’ என்றுதான் அடித்தது. ஒரு நோயாளி, “இந்த வியாதி எனக்கு எப்ப வந்துச்சு?” என்று அழுதாராம். மேனேஜர், “அசிங்கமா இருக்கும்மா, காலியா விட்டுடு” என்றார். விட்டுவிட்டாள். இரண்டு நிமிட வேலை.

3

இன்று அவள் மாமியாரை அட்மிட் செய்தார்கள். மச்சான் பெருமையாகப் போட்டோ அனுப்பினார்: அம்மா கையில் மனைவியின் ப்ரோக்ராம் அச்சிட்ட பட்டை. ஒவ்வாமை வரி காலி.

உடனே போன் போட்டாள். “அத்தைக்கு அந்த ஊசி ஆகாதுன்னு நர்ஸ்கிட்ட சொன்னீங்களா?”

“போன தடவை மூச்சு நின்னப்பவே சொல்லியாச்சே. உன் கம்ப்யூட்டர்ல இருக்குமே!”

“பட்டையில வரலைங்க. காலியா இருக்கு.”

“காலின்னா?”

“ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுப் போட்டுடுவாங்க. எங்கே இருக்கீங்க?”

“கீழே, மருந்துக்கடையில.”

“மேல ஓடுங்க!”

“தெரியலைன்னே அடிச்சுத் தொலைச்சிருக்கலாமேடி!”

போன் துண்டிக்கப்பட்டது. பதினோரு நிமிடம் ஆகிறது. வார்டு லைன் எங்கேஜ்டு.

மச்சான் படியேறி வந்தபோது நர்ஸ் ஊசியை

4

முடியவில்லை.

(மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகாது என்று மேலே ஒரு வரி வைத்திருந்தேன். “அத்தை, அத்தை” என்று இவள் முணுமுணுப்பதைக் கேட்டு எடுத்துவிட்டேன்.)

முடிவு ஒன்று: மச்சான் சரியான நேரத்துக்குப் போய்விட்டார். முடிவு இரண்டு: எழுதமாட்டேன்.

முடிவு மூன்று, காலியாக விடுவது. கதை எழுதும் எங்கள் தொழிலில் அது நாகரிகம். ஆனால் காலியாக விட்டால் நல்லபடியாக முடிந்தது என்றுதான் படிப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் படிக்கிறோம். அதனால் அச்சிலேயே சொல்லிவிடுகிறேன். மாமியாரின் நிலை: தெரியவில்லை.

போன் அடிக்கிறது. மச்சான்தான். தங்கை அதை மேஜையில் வைத்துவிட்டுப் பின்வாங்குகிறாள். எனக்கும் கை நீளவில்லை.

நீங்கள் எடுங்கள்.