பதினேழாம் கட்டத்தில் ஒரு சொல்

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்தின் பதினேழாம் கட்டத்தில் பிறந்தது. கதை எங்கே பிறந்தது என்று கேட்டால் எழுத்தாளர்கள் வழக்கமாக மழை, ரயில், செத்துப்போன சித்தப்பா என்று ஏதாவது சொல்லிவைப்பார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. கணவன் வெளிநாட்டில் வேலை அனுமதியோடு இருக்கிறான்; மனைவி அவனோடு போய்ச் சேர வேண்டும். அதற்கு அவள் நிரப்ப வேண்டிய பதினான்கு பக்கப் படிவம் அது. நான்காம் பக்கத்தில் பதினேழாம் கட்டம், தலைப்பு 'தொழில்'. அதில் ஒரு சொல் எழுதியிருந்தது. அந்தச் சொல் தவறு. கதை இவ்வளவுதான். மீதியெல்லாம் அதை யார் எழுதியது, இனி என்ன செய்வது என்கிற தகராறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கதை நன்றாக எழுத வரும். இதில் போலித் தன்னடக்கம் காட்டி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். அப்படிப்பட்ட நானே இந்தக் கதையின் தொடக்கத்தை இரண்டு முறை அடித்துவிட்டேன். அடித்ததையும் மறைக்காமல் கீழே வைக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: 'செவ்வாய்க்கிழமை காலை, வானம் மூட்டமாக

(நிறுத்திவிட்டேன். கதை நடக்கும் அலுவலகத்தில் வானமே தெரியாது. ஒரே ஒரு ஜன்னல் இருந்தது. அதையும் ஜெராக்ஸ் இயந்திரம் முதுகு காட்டி அடைத்துக்கொண்டது.)

இரண்டாம் தொடக்கம்: 'கணவனைப் பிரிந்து கண்ணீரும் கம்பலையுமாக இருந்த அந்தப் பெண்

(எழுதிய கையை நானே தட்டிவிட்டேன். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அழுதிருந்தாலும் என் எதிரில் அழும் ஆள் இல்லை.)

மூன்றாவது நிலைத்துவிட்டது:

அவளை வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் கிரவுன் அக்கா என்பார்கள். செயற்கைப் பல் செய்யும் லேப்பில் பதினோரு வருடமாகப் பல்லும் கிரவுன் என்கிற பல்லுறையும் செய்கிறாள். மருத்துவர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அவள் அதில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி வாயின் அச்சை எடுப்பாள்; மெழுகில் பல்லைச் செதுக்குவாள்; அதை உலோகத்தில் வார்த்த பிறகு பீங்கான் பொடியைத் தூரிகையால் ஏற்றிச் சூளையில் வைப்பாள். பக்கத்துப் பல்லில் ஒரு மஞ்சள் சாயல் இருந்தால் இதிலும் அந்தச் சாயல் இருக்க வேண்டும். வாயில் அவள் செய்தது எந்தப் பல் என்று வீட்டு மனிதர்களாலும் கண்டுபிடிக்க முடியாது.

(இந்த இடத்தில் 'வாயில் பொருத்துவாள்' என்று எழுதியிருந்தேன். அவளே பேனாவால் அடித்துவிட்டாள். பொருத்துவது மருத்துவர். அவளுக்கு அந்த வாய் யாருடையது என்றே தெரியாது. அவள் எப்போது இதைப் படித்தாள் என்பது பின்னால் வரும்.)

யாருடையது என்று தெரியாததாலேயே அவள் கேட்டுக் கேட்டுத்தான் செய்வாள். அளவோடு வரும் சீட்டில் நோயாளியின் வயது இல்லையென்றால் மருத்துவருக்குப் போன் போடுவாள். நிறத்தின் எண் தெளிவாக இல்லையென்றால் மறுபடி போடுவாள். மருத்துவர்கள் சலித்துக்கொள்வார்கள். அவள் கேட்காமல் மெழுகில் கை வைக்க மாட்டாள்.

3

அவளுடைய வீட்டுக்காரர் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் சோதிப்பவர். யாரோ பற்றவைத்த உலோக இணைப்பைக் கருவியால் படம் பிடித்து, உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. இரண்டு வருடமாக அந்த நாட்டில் தனியாக இருக்கிறார். மூன்று பேரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டிருந்தவருக்கு இப்போதுதான் குடும்பக் குடியிருப்பு ஒதுக்கியிருக்கிறார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் குடும்பத்தோடு குடியேறாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

அவள் போவதற்கு மூன்று வழிகள் இருந்தன. (இந்தச் சட்டங்கள் இந்தக் கதையின் நாட்டுக்கு மட்டும். இதை நம்பி யாரும் பெட்டி கட்ட வேண்டாம்.) பார்வையாளர் விசாவில் போனால் தொண்ணூறு நாளில் திரும்ப வேண்டும். சொந்தமாக வேலை அனுமதி கேட்டால் சான்றிதழ் மதிப்பீடு, மொழித் தேர்வு, அங்கிருக்கும் முதலாளியின் கடிதம் என்று ஒன்றரை வருடம் இழுக்கும். கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. துணைவர் விசா ஒரு மாதத்தில் வந்துவிடும். அதில் வாழலாம், வேலை செய்யக் கூடாது. ஆனால் ஒரு வருடம் கழித்து அங்கிருந்தபடியே தன் அனுபவச் சான்றிதழைக் காட்டி வேலை அனுமதி கேட்கலாம்.

இருவரும் பேசி மூன்றாவதைத் தேர்ந்தார்கள். ஒரு வருடம் வீட்டில் இருப்பது, பிறகு பல் செய்யப் போவது. பதினோரு வருட வேலைக்கு ஒரு வருட விடுப்பு. அவளுக்கு அது சம்மதமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, விசா விண்ணப்பம் நிரப்பித் தரும் முகவரின் அலுவலகத்துக்கு அச்செடுத்த படிவத்தை வாங்க வந்தாள். வியாழக்கிழமை பத்து இருபதுக்குக் கைரேகை கொடுக்க வேண்டும். எல்லோரும் உறையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவார்கள். இவள் நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நான்காம் பக்கத்தில் நின்றாள். பதினேழாம் கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று இருந்தது.

"இது யாரு?" என்று கேட்டாள்.

முகவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். தொழில் என்று ஏதாவது போட்டால் இந்தப் பெண் அங்கே போய்த் திருட்டுத்தனமாக வேலை பார்ப்பாள் என்று அதிகாரி சந்தேகப்படுவான், கோப்பு மாதக்கணக்கில் கிடப்பில் கிடக்கும், அதனால் எல்லா மனைவிமாருக்கும் இப்படித்தான் போடுவது என்றார். "இது பொய் இல்லம்மா, வழக்கம்" என்றும் சொன்னார்.

"அடுத்த வருஷம் பதினோரு வருஷ அனுபவம்னு சான்றிதழ் நீட்டுவேன். அப்ப ரெண்டுல எது பொய்யின்னு கேட்பாங்க இல்ல?"

முகவர் நான்காம் பக்கத்தை மறுபடி எட்டிப் பார்த்தார். அப்படிக் கேட்பார்கள் என்பதும், தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் ஐந்து வருடம் எந்த விசாவும் கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும். அவருடைய அனுபவத்தில் எந்த மனைவியும் ஒரு வருடம் கழித்து வேலை கேட்டதில்லை. அல்லது கேட்டவர்கள் அவரிடம் திரும்பி வந்து சொன்னதில்லை.

திருத்தலாமா என்றாள். படிவம் ஏற்கெனவே இணையத்தில் போய்விட்டது, அதில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. கைரேகை வைக்கும்வரை படிவத்தைத் திரும்பப் பெறலாம். பெற்றால் அடுத்த தேதி பதினோரு வாரம் கழித்து. அதற்குள் அந்தக் குடியிருப்பு கைவிட்டுப் போய்விடும். அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

4

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. முகவர் மேல்தான்.

முதல் வரைவில் அவருக்கு முறுக்கு மீசை வைத்தேன். தங்க ஃபிரேம் கண்ணாடி மாட்டினேன். டீயை உறிஞ்சிச் சத்தத்தோடு குடிக்கவைத்தேன். வாசகர்களுக்கு வில்லனைக் காட்டிக்கொடுக்க இவ்வளவு போதும். ஆனாலும் ஆள் நிற்கவில்லை. ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் நீ என்ன வேலை செய்கிறாய் என்று ஏன் கேட்கவில்லை? மீசை அதற்குப் பதில் சொல்லாது.

அவருக்கு மீசை கிடையாது. அந்த முகவர் நான்தான்.

பத்தொன்பது வருடமாக அந்த ஜன்னல் அடைத்த அறையில் படிவம் நிரப்புகிறேன். கதை எழுதுவது விடுமுறை நாட்களில். என் கணினியில் அந்தச் சொல்லின் முதல் எழுத்தைத் தட்டினாலே மீதி தானாக வந்து உட்காரும். அவ்வளவு முறை அடித்திருக்கிறேன். அவள் முதல் நாள் என் எதிரில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். நகக் கண்களில் வெள்ளை மாவு இருந்தது. அவள் அப்பா பிறந்த ஊரைக் கேட்டேன், உயரத்தைக் கேட்டேன், மச்சம் எங்கே என்று கேட்டேன். தொழிலை மட்டும் கேட்கவில்லை. கதைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று ஊரெல்லாம் தேடுகிறவன், எதிரே இருந்தவளைக் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

இதுவரை நாற்பத்தோரு கதைகள் எழுதியிருக்கிறேன். பதினேழாம் கட்டத்தில் எழுதியதுதான் மிகச் சிறியது, ஒரே சொல். அதைத்தான் ஓர் அரசாங்கமே நம்பப்போகிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை அலங்காரமாகச் சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்து

(வேண்டாம். வெட்கம் என்றால் வெட்கம்தான்.)

5

அவள் ஜெராக்ஸ் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். அவருக்கு அது சாப்பாட்டு நேரம். கையில் பதினான்கு பக்கங்கள் இருந்ததால் போனை இயந்திரத்தின் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஆகவே இதை நான் கற்பனை செய்யவில்லை, கேட்டேன்.

அவர் முதலில் சிரித்தார். இதற்கா இவ்வளவு என்றார். குடியிருப்பின் சாவியை நேற்றுத்தான் வாங்கியதாகவும், குளியலறைக் குழாயில் சொட்டு நிற்காததால் தானே கழற்றிச் சரி செய்ததாகவும் சொன்னார். ஒரு வார்த்தைதானே, வந்த பிறகு வக்கீலைப் பிடித்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றார். குரலில் அதட்டல் இல்லை. நல்ல மனிதர் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவரை வில்லனாக்க முடியாமல் போனதில் எழுத்தாளனாக எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அவள் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"உங்க வெல்டுல ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தா கையெழுத்துப் போடுவீங்களா?"

அந்தப் பக்கம் தட்டில் கரண்டி வைக்கிற ஓசை கேட்டது. 

"போட மாட்டேன்" என்றார். "ஆனா ரெண்டு வருஷமா நான் தனியா இருக்கேன். எனக்கு அது ஊசிமுனை இல்ல."

அவள் போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு பேசியது எனக்குக் கேட்கவில்லை. நெடுநேரம் பேசினார்கள். நான் வேலை இருப்பதுபோல் ஒரு பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

படிவத்தை என்னிடமே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, நாளை சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகக் கிளம்பினாள்.

6

புதன்கிழமை மதியம் படிவம் நிரப்ப யாரும் வரவில்லை. குற்ற உணர்ச்சி உள்ளவன் பிரார்த்தனை செய்வான். நான் கதை எழுதினேன். மேலே நீங்கள் படித்ததும் (அவள் பேனாவால் அடித்ததைப் பற்றிய குறிப்பு தவிர), கீழே வரும் முடிவுகளும் அன்று எழுதியவை.

முடிவு ஒன்று. அவள் அந்தச் சொல்லோடு போகிறாள். குடியிருப்பில் இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். அவர் ராத்திரியில் தூங்குகிறார். இரண்டு வருடமாகத் தூங்காத தூக்கம். ஒரு வருடம் கழித்து அவள் வேலை அனுமதிப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறாள், நிரப்பாமல் மூடி வைக்கிறாள். குளியலறையில் சோப்புக் கட்டியில் நகத்தால் ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கி

(இந்த சோப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதுவே சந்தேகத்துக்கு இடம்.)

முடிவு இரண்டு. அவள் படிவத்தைத் திரும்பப் பெற்று, உண்மையை எழுதி, பதினோரு வாரம் காத்திருக்கிறாள். குடியிருப்பு போய்விடுகிறது. அவர் மறுபடி மூன்று பேரோடு பகிரும் அறைக்குப் போகிறார். போனில் பேச்சு குறைகிறது. விசா வருவதற்குள் இருவரில் ஒருவருக்கு ஆசை

(இதை முடிக்க மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னவளுக்கு நான் ஏன் தண்டனை கொடுக்க வேண்டும்?)

முடிவு மூன்று. அதிகாரி ஒரு பெண். அவளுக்கு முன்பல்லில் ஒரு செயற்கைப் பல். விண்ணப்பத்தில் உள்ள தொழிலைப் பார்த்ததும் சிரித்து முத்திரை குத்துகிறாள். எல்லோரும் சுகம். (சினிமா. ஆனால் வாசகர்களில் பாதிப் பேர் இதைத்தான் விரும்புவீர்கள் என்று எனக்குத் தெரியும்.)

மூன்றையும் எழுதி முடித்தபோது கொஞ்சம் தலைக்கனமாகவே இருந்தது. இரண்டாவதைக் கொஞ்சம் தட்டிச் சரி செய்தால் நல்ல கதை என்று நினைத்தேன்.

7

சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தாள். படிவத்தோடு கதைத் தாள்களையும் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். வாயால் கேட்டிருக்கலாம் என்பது பிறகுதான் தோன்றியது.

நின்றபடியே படித்தாள். 'வாயில் பொருத்துவாள்' என்பதை அடித்தாள். மீசை வரும் இடத்தில் என் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். போன் பேசிய பகுதியை இரண்டு முறை படித்தாள். முடிவுகள் வந்ததும் முதலாவதில் ஒரு கோடு, இரண்டாவதில் ஒரு கோடு, மூன்றாவதில் ஒரு கோடு. கோபத்தில் கிழித்த கோடுகள் இல்லை. அளவு சரியில்லாத வேலையைத் திருப்பி அனுப்பும்போது போடுகிற கோடுகள்.

"நல்லா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு, சார். ஆனா என்னைப் பத்தி நீங்க ஏற்கெனவே ஒரு தடவை எழுதிட்டீங்க. என்னைக் கேட்காம." தாள்களை மேசையில் வைத்தாள். "இதை நானே எழுதிக்கறேன்."

பதினான்கு பக்கங்களை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடிபட்ட முடிவுகளை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. அவள் போட்ட கோடுகளோடு படியுங்கள்.

வியாழக்கிழமை பத்து இருபது வந்து போயிற்று. அவளுடைய விண்ணப்ப எண் என்னிடம் இருக்கிறது. அதைக் கணினியில் அடித்தால் 'ஏற்கப்பட்டது' என்றோ 'திரும்பப் பெறப்பட்டது' என்றோ ஒரு வரி வரும். இரண்டு நொடி வேலை. இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நிமிடம்வரை அடிக்கவில்லை. அடிக்கப் போவதும் இல்லை.

கதையை முடிக்கத் தெரியாமல் விட்டுவிட்டான் என்று யாரும் சொல்ல வேண்டாம். முடிவு இருக்கிறது. அது என்னிடம் இல்லை, அவ்வளவுதான். உங்களுக்குக் கை பரபரத்தால் நீங்கள் ஒன்று எழுதலாம், நான் தடுக்கவில்லை. எழுதும் முன் அவளைக் கேட்டுவிடுங்கள்.