சுவருக்குக் காய்ச்சல்

அந்தப் பெட்டியை என் கணவர் தூக்கிக்கொண்டு வந்தபோது நான் ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி காலரில் இருந்தேன். காலரில் இருக்கும்போது என்னிடம் யாரும் பேசக் கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று அவருக்குப் பொறுமையில்லை. பெட்டியைத் தேய்ப்பு மேசையின் ஓரத்திலேயே வைத்துவிட்டு, குழந்தையைக் காட்டுவதுபோல மூடியைத் திறந்து காட்டினார். ஷூ பெட்டி அளவில் ஒரு இரும்புக் கூடு, இரண்டு பக்கமும் விசிறி. கம்ப்யூட்டருக்குள் மட்டுமே இருக்கிற டிஜிட்டல் நாணயம் தோண்டுகிற மெஷினாம். அலுவலக நண்பர் கைமாற்றி விட்டது. அதற்கு வேறு வேலையே தெரியாது, ராப்பகலாகக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும், கணக்கு சரியாக விழுந்தால் காசு என்றார். மண்ணும் இல்லை, மண்வெட்டியும் இல்லை, அப்புறம் என்ன தோண்டல் என்று கேட்டேன். எங்கள் வாண்டு மட்டும் ரொம்ப அக்கறையாக, ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் வருமா என்று கேட்டாள்.

ஹாலில் இருந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே அதற்கும் இடம் போட்டார். கேபிளைச் செருகி, கம்ப்யூட்டர் திரையில் அதன் பக்கத்தைத் திறந்து, ஊர் பேர் தெரியாத யார் யாரோ சேர்ந்து தோண்டுகிற ஒரு கூட்டத்தில் தன்னையும் பதிந்துகொண்டு, சுவிட்சைத் தட்டினார். மிக்ஸியைப் போட்டுவிட்டு நிறுத்த மறந்துபோன மாதிரி ஒரு இரைச்சல் கிளம்பியது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசவில்லை. அவர் மட்டும் திரையில் ஏறி இறங்கும் எண்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டேன். அவருடைய அலுவலகத்தில் ஆட்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சில மாதங்களாகவே மனிதர் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அடுத்தது நானா என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குக் கேட்காமலும் இல்லை.

தொல்லை ட்ரிப் சுவிட்சில் ஆரம்பித்தது. அவருடைய மெஷினும் என் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாக ஓடினால் வாசல் பக்கத்துப் பலகையில் அது டப்பென்று விழுந்து வீட்டுக் கரண்டே நின்றுவிடும். நீ நிறுத்து, நீங்கள் நிறுத்துங்கள் என்று இரண்டு வாரம் இழுபறி. என் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். விடிந்ததுமே சட்டை கேட்கிறவர்கள் உங்கள் மெஷினிடம் வந்து வாங்கிக்கொள்வார்களா என்று நானும் விடவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ வீடியோவைப் பார்த்து, பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றை அவரே மாட்டினார். கையைத் தட்டித் தூசி உதறியபடி சொன்னார்.

“இனிமே விழவே விழாது. நீ பாட்டுக்குத் தேய், நான் பாட்டுக்குத் தோண்டறேன்.”

சொன்னபடியே விழவில்லை. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

வாசனை எப்போது தொடங்கியது என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. தேய்க்கிற வீட்டில் எப்போதும் சூட்டு வாசனை இருக்கும். கஞ்சி, ஈரத்துணி, காய்ந்த கம்பளி, எல்லாம் சேர்ந்த ஒன்று. வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், எங்களுக்கு அது காற்று. அதனால் ஒரு நாள் லேசாகக் கருகல் அடித்தபோது நான் முதலில் சந்தேகப்பட்டது என்னைத்தான். இஸ்திரிப் பெட்டியின் அடியை ஈரத்துணியால் துடைத்தேன். மேசை விரிப்பை மாற்றினேன். யாருடைய சட்டையாவது பொசுங்கியிருக்குமோ என்று அடுக்கியதையெல்லாம் பிரித்துப் பிரித்து மோந்து பார்த்தேன். அவரும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், உன் பெட்டிதான், வேறென்ன என்றார். பெட்டியின் மேலேயே பழியைப் போட்டு, அதைப் பழுது பார்க்கக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மதியம். மேசை காலி. ஜன்னல் வழியாக வெயில் வந்து வெறும் விரிப்பின்மேல் கிடந்தது. அவருக்கு விடுமுறை, ஹாலில் திரைமுன் இருந்தார். நான் துணிகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். கருகல் வாசனை மூக்கில் ஏறியது. பழக்கத்தில் கை இஸ்திரிப் பெட்டியைத் தேடிப் போனது. அங்கே பெட்டி இல்லை. அது கடையில் இருந்தது.

அப்போதுதான் படுக்கையறையிலிருந்து வாண்டு வந்து என் உடையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, செவுத்துக்குக் காய்ச்சல்மா.”

ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்தேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் கட்டில் ஒட்டிக் கிடக்கும் சுவர், ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுச்சுவர். அந்தப் பக்கம் மெஷின். இந்தப் பக்கம் அவள் தலையணைக்கு மேலே ஒரு சுவிட்ச் பலகை. நான் அவள் நெற்றியில் வைத்துப் பார்ப்பதுபோலவே புறங்கையைச் சுவரில் வைத்துக் காட்டினாள். நானும் வைத்தேன். பலகையிலிருந்து மேலே ஒரு கோடாகச் சூடு. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் சுவர் ஜில்லென்று இருந்தது. இத்தனை நாளும் என் பிள்ளை இதன்மேல் முதுகைச் சாய்த்துத் தூங்கியிருக்கிறாள்.

வீட்டுக்கு ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியனைப் போனில் கூப்பிட்டேன். இரைச்சலில் கேட்காமல் வாசல் பக்கம் நகர்ந்து, இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குறுக்கே ஒன்றுதான் கேட்டார்.

“சுவிட்ச பெருசா மாத்துனீங்க, சரி. உள்ள ஒயரையும் மாத்துனீங்களாக்கா?”

“ஒயர் பழசுதான்.”

அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். “அக்கா, ஒயர் தாங்காதப்ப அது விழணும்னுதான் வச்சிருந்தேன். மொதல்ல மெயின ஆஃப் பண்ணுங்க. புள்ளைய அந்த ரூம்ல விடாதீங்க.”

திரும்பினேன். பக்கத்தில் நின்றிருந்த வாண்டு இல்லை. குளியலறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கையில் என் துவாலை, பிழியாமல், தரையெல்லாம் சொட்டிக்கொண்டு. காய்ச்சல் என்றால் நெற்றியில் ஈரத்துணி. போன மாதம் அவளுக்கு நான் போட்டதுதான். நேராகப் படுக்கையறைக்குள் போனாள். கத்தினேன். என் குரல் விசிறிகளில் அரைபட்டது. அவளிடம் ஓடுவதா, வாசல் பலகைக்கு ஓடுவதா? பலகைதான் கைக்கெட்டும் தூரம். நான் போனதைப் பார்த்து அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, “ஏய், அத நிறுத்தாத” என்று கையை நீட்டினார். மெயினைக் கீழே இழுத்தேன்.

இரைச்சல் இறங்கி, விசிறிகள் தேய்ந்து, வீடு நின்றது. எத்தனையோ நாளைக்குப் பிறகு சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்டது. அதோடு தண்ணீர் சொட்டும் சத்தமும். இருவரும் உள்ளே ஓடினோம். கட்டில்மேல் குதிகாலைத் தூக்கி நின்று, துவாலையை இரண்டு கையாலும் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள். தண்ணீர் வழிந்து சுவிட்ச் பலகையின் ஓட்டைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அவளை வாரி எடுத்தேன். அவர் மெல்ல வந்து, துவாலையை எடுத்துவிட்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. என் கையில் இருந்த போனில் எலக்ட்ரீஷியன், மெயின நிறுத்துனாலும் உள்ள கனல் இருக்கும், சூடு ஏறுதா எறங்குதான்னு பாருங்க, வந்துட்டே இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“எறங்கிடுச்சாப்பா?” என்றாள் வாண்டு.

அவர் கையை இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்தி வைத்துப் பார்த்தார்.